வீட்டில் வேண்டாத பொருட்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இல்லாதவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்க நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பரணிலிருந்து தொடங்காதீர்கள். லீவு நாள் பார்த்து எல்லாவற்றையும் இறக்கிக் கூடத்தில் பரப்பத்தான் நினைத்திருப்பீர்கள். பரணில் இருப்பதெல்லாம் பழைய நினைவுகள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் யோசித்து, சாயங்காலம் பாதியை மறுபடி மேலேயே ஏற்றிவிடுவீர்கள். துணி அலமாரியில் ஆரம்பியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும்.

அதற்கும் முன்னால், கொடுக்கப்போகிற இடத்துக்குப் போன் செய்து என்ன வேண்டும், எதை வாங்கமாட்டார்கள் என்று கேளுங்கள். முதியோர் இல்லத்தில் போர்வையும் துண்டும் கேட்பார்கள்; நம் கையில் இருப்பதோ குழந்தைச் சட்டை.

துணியைத் துவைத்தால் மட்டும் போதாது, முழுக்கக் காய வேண்டும். ஜீன்ஸின் இடுப்புப் பட்டி, பாக்கெட்டின் உள்பக்கம் இங்கெல்லாம் ஈரம் நிற்கும். அப்படி ஒன்றை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் பையில் உள்ள மற்றதிலும் பூஞ்சணம் ஏறும். அந்தக் கறுப்புப் புள்ளி லேசில் போகாது. ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் பழையபடி சுருங்க வேண்டும். வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்தால் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவைத்தால்தான் முட்டையும் சாகும். மெத்தையைக் கொடுக்கவே வேண்டாம். உள்ளாடை புதிதாக இருந்தால் மட்டும். ஷூவை லேஸால் ஜோடியாக முடிந்துவிடுங்கள், ஒற்றைக்கால் ஷூ யாருக்கும் ஆகாது. பெரிய மூட்டையாகக் கட்டாமல் அட்டைப்பெட்டியில் 10 கிலோவுக்குள் அடுக்கி, 'பையன், 8 வயது, சட்டை 6, டிரவுசர் 4' என்று வெளியே எழுதுங்கள். எழுதாவிட்டால் அங்கே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

'இல்லாதவர்களுக்கு எது கிடைத்தாலும் பெரிசுதானே, இதற்கு இத்தனை சட்டமா?' என்று கீழே கமெண்டில் யாராவது கேட்பார்கள். பட்டன் இல்லாத சட்டையோடு நீங்கள் வேலை கேட்டுப் போவீர்களா? போட முடியாததைக் கொடுத்தால், அதைக் கொட்டுகிற வேலையையும் வண்டிச் செலவையும் அவர்கள் தலையில் கட்டுகிறோம், அவ்வளவுதான். கிழிந்த பருத்தித் துணி துடைக்க ஆகும், வீட்டிலேயே இருக்கட்டும்.

பொம்மை, டார்ச் எதுவானாலும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் படிந்திருந்தால் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். அந்தப் படிவு காரத்தன்மை (alkali) உள்ளது என்பதால் வினிகரின் அமிலம் பட்டால் இளகும். செல்போனில் ரீசெட் செய்வதற்கு முன்பே கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட வேண்டும். இந்த வரிசை மாறினால், வாங்கியவர் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்தீர்களா என்று பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அந்தப் போனைத் தானமாகவும் கொடுக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியை மாற்றினோம். பிறகு போன் கம்பெனிக்காரர்கள் பசை போட்டு ஒட்டி மூடினார்கள், நல்ல போனெல்லாம் பேட்டரிக்காகவே வீணாகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அடிபட்ட ஹெல்மெட்டைக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழும்பாது, வெளி ஓடு பார்க்கப் புதிதாகவே இருக்கும். விபத்தில் சிக்கிய காரின் குழந்தை இருக்கையும் வேண்டாம். பிரித்த மருந்து கூடவே கூடாது. ஊன்றுகோலில் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் புதிது மாட்டிக் கொடுங்கள், ஈரத் தரையில் வழுக்கும்.

தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்கிறீர்களே, அதைத் துணைச் சாமான்களில் காட்டுங்கள். தையல் மெஷின் கொடுத்தால் எண்ணெய் விட்டு, பாபின் நாலு, ஊசி ஒரு பாக்கெட், மிதிக்கும் மெஷின் என்றால் புது பெல்ட் ஒன்று சேர்த்துக் கொடுங்கள். குக்கருக்குப் புது கேஸ்கெட், சேஃப்டி வால்வு. இவை இல்லாமல் கொடுத்தால் அங்கேயும் அது பரணுக்குத்தான் போகும்.

வாங்குகிறவரை நிறுத்திவைத்துப் படம் எடுக்காதீர்கள். எந்த நேரத்தில் வரலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். ராத்திரி வாசலில் வைத்துவிட்டு வந்தால், மழை பெய்தால் காலையில் ஈர அட்டைதான் மிஞ்சும்.