கண்காணிப்பு விடுதலை ரத்தாகி மீண்டும் சிறை: அப்பீல் போடலாமா?

கேள்வி இதுதான்: அமெரிக்க ஃபெடரல் வழக்கில் தண்டனை முடித்து வெளியே வந்த தம்பியின் கண்காணிப்பு விடுதலையை (சிறைக்குப் பின் நிபந்தனைகளோடு வெளியே இருக்கும் காலம்) ரத்து செய்து, மறுபடி 18 மாதம் கொடுத்துவிட்டார்கள். அப்பீல் போட்டால் பலன் உண்டா?

பலனைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் நாளை எண்ணுங்கள். தீர்ப்பு கோர்ட் பதிவேட்டில் ஏறியதிலிருந்து 14 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் போக வேண்டும். ஒரு பக்கம் போதும், காரணம் எதுவும் எழுத வேண்டியதில்லை. தண்டனை கொடுத்த அதே கோர்ட்டில்தான் தாக்கல். நாள் தவறினால் தக்க காரணம் சொல்லி இன்னும் 30 நாள் வரை கேட்கலாம். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

நான் ஹூஸ்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் உதவியாளர். ஒரு பையனின் நோட்டீஸ் 19ஆம் நாள்தான் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. அவன் அம்மா உறையின் நகலை இரண்டு கையாலும் பிடித்தபடி என் மேஜை முன்னால் நின்றார். 13ஆம் நாளே ஸ்டாம்ப் ஒட்டிச் சிறைத் தபாலில் கொடுத்ததாக, தேதியோடு பையன் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். சிறையில் இருப்பவர் சிறைத் தபாலில் கொடுத்த நாள்தான் கணக்கு. அந்த ஒரு தாளில் அப்பீல் பிழைத்தது.

சரி, எதை வைத்து வாதாடுவது? நிபந்தனையை மீறவே இல்லை என்று வாதாடுவது கடினம். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் கட்டாயம் அரசுத் தரப்புக்கு இங்கே கிடையாது. மீறியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆகவே ஜட்ஜ் அன்று பேசியதை எழுத்துப் பிரதியாக வாங்கி வரிவரியாகப் படியுங்கள். பழைய குற்றத்துக்குப் பழிதீர்க்கும் தண்டனையாக இதைக் கொடுக்கக் கூடாது என்று 2025 ஜூனில் எஸ்டெராஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வாடை அடித்தால் அதுதான் உங்கள் பிடி. அன்றே வக்கீல் ஆட்சேபித்திருந்தால் இன்னும் பலம். குறைந்த தண்டனை கேட்டு வாதாடியிருந்தாலே, காலம் அதிகம் என்ற வாதம் அப்பீலுக்கு உயிரோடு இருக்கும். அதுவும் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான், 2020 தீர்ப்பு.

மூலக் குற்றத்தின் வகுப்பையும் (கடுமையைப் பொறுத்து ஏ, பி, சி என்று சட்டம் பிரிக்கும் தரம்) பாருங்கள். சி, டி வகுப்பு என்றால் ஒரு ரத்துக்கு உச்சவரம்பு 2 வருடம், அதற்குக் கீழே 1 வருடம்.

அப்பீல் நடக்கும்போதும் 18 மாதம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். விரைவு விசாரணை கேட்கலாமா என்று வக்கீலிடம் இன்றே பேசுங்கள். தீர்ப்பு எந்தத் தேதியில் பதிவானது என்று கீழே எழுதுங்கள், நாளைச் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.