சென்னை – லண்டன்: ஆறே கால் மணி நேரமா, பத்தே முக்காலா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக ஜூன் மாதம் லண்டனுக்குத் தனியாகப் போகிறேன். வயது 64. இணையத்தில் 8,200 கி.மீ., ஒன்பது மணி நேரம் என்கிறார்கள். நேரடி விமானத்தில் காலை 5.30க்கு ஏறினால் 11.45க்குச் சேருமாம். ஏஜென்ட் காட்டும் மலிவு டிக்கெட்டில் 19 மணி நேரம். எதை நம்புவது? (கும்பகோணம் வாசகி)

பதில்: அம்மா, நேரடி விமானத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கப்போவது பத்தே முக்கால் மணி நேரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கணக்கு, சேரும் நேரம் லண்டன் கணக்கு. ஜூனில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். ஆறே காலோடு நாலரையைக் கூட்டிப் பாருங்கள்.

இந்த நாலரை வருடம் முழுக்க நாலரை அல்ல. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி வைப்பார்கள். குளிர்காலத்தில் வித்தியாசம் ஐந்தரை. இதே விமானம் நவம்பரில் 5.30க்குக் கிளம்பினால் 10.45க்குச் சேரும் என்று இருக்கும். வேகம் கூடிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பேரனைப் பார்த்துக்கொண்டு நவம்பர் வரை இருந்தால், ஊருக்கு போன் பேசும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த 8,200 என்பது உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்த தூரம். அதை 900ஆல் வகுத்து ஒன்பது மணி என்று போட்டுவிடுகிறார்கள். அந்த நூல் பாகிஸ்தான், உக்ரைன் மேலாகப் போகிறது. உக்ரைன் வானம் 2022 பிப்ரவரியில் மூடப்பட்டது. இந்திய நிறுவன விமானங்களுக்கு 2025 ஏப்ரலில் பாகிஸ்தானும் மூடியது. சுற்றித்தான் போக வேண்டும். மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு.

சரி, அந்த 19 மணி நேர டிக்கெட். எனக்குக் கவலை இதில்தான். அது ஒரே பி.என்.ஆரா (முன்பதிவு எண்), இரண்டா? இரண்டு என்றால் அவை பெரும்பாலும் தனித்தனி டிக்கெட்டுகள். அப்படியானால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் தராது. வளைகுடா விமான நிலையம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா அழுதுகொண்டே எனக்கு போன் செய்தார். தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டி அடுத்த விமானத்துக்கு மாறாமல் வெளியே பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது, போய் எடுக்க விசா இல்லை. விற்ற ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. "இவை இரண்டு தனி டிக்கெட்டுகள்" என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்க வைக்க இத்தனை வருடமாக இங்கே ஒருவருக்கும் மனசு வரவில்லை.

"டைரக்ட்" என்ற சொல்லையும் நம்பாதீர்கள். நடுவே இறங்கி ஏறும் விமானத்தையும் அப்படிச் சொல்லி விற்கலாம். "நான்-ஸ்டாப்பா?" என்று கேளுங்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலியும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பணம் கட்டுமுன் பி.என்.ஆரை வாங்கி, விமான நிறுவனத்தின் தளத்தில் மகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லண்டன் வரை மொத்தப் பயணமும் அந்த ஒரே எண்ணில் தெரிய வேண்டும்.