ஆப்பிரிக்க நகரங்களில் பெண்களுக்கு எச்.ஐ.வி. அதிகம் வருவது விழிப்புணர்வு இல்லாததாலா?

இல்லை. நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் 2019-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வேலைக்குப் போனேன். அங்கே இலவச ஆணுறைப் பெட்டி இல்லாத பொதுக் கழிவறை அபூர்வம். எங்கள் அலுவலகத்தில் டீ போடும் அம்மாவை ‘சிசி’ என்று கூப்பிடுவோம், அங்கே பேசும் ஜூலு மொழியில் அக்கா என்று அர்த்தம். எச்.ஐ.வி. பற்றி அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

ஒருநாள் சிசி ஒரு மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்றேன். கைப்பையை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வருமாம், மினிபஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கே புரிந்துவிடுமாம். இத்தனைக்கும் அது நோய் வராமல் தடுக்கும் மாத்திரை. ஆனால் நோயாளிகள் சாப்பிடுவதும் கிட்டத்தட்ட அதே மருந்து, அதே மாதிரி டப்பா. “வீட்டுக்காரர் பார்த்தால் எனக்கு நோய் என்பார், இல்லாவிட்டால் அவரைச் சந்தேகப்படுகிறேன் என்பார்.” வாடகை கொடுப்பது அவர். அந்த வீட்டில் ஆணுறைப் பேச்சை எப்படி எடுப்பது?

சிசி மட்டும் இப்படி இல்லை. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் 5,029 பெண்களிடம் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பற்றி ‘வாய்ஸ்’ என்ற ஆய்வு நடந்தது. தினமும் மருந்து எடுக்கிறோம் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். ரத்தத்தைப் பரிசோதித்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது. பொய் சொன்னார்கள் என்று முடித்துவிடலாம். சிசியின் பஞ்சைப் பார்த்த எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

இந்தப் பயம் கற்பனையும் இல்லை. டர்பனை ஒட்டிய குவாமாஷுவில் 1998 டிசம்பரில், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன குகு டிலாமினியை அக்கம்பக்கத்தார் அடித்தே கொன்றார்கள்.

பெண்களுக்குத் தொற்று அதிகம் வர அவர்களின் உடலமைப்பும் ஒரு காரணம்தான். அப்புறம், ‘பிளெஸ்ஸர்’ என்று ஒரு வார்த்தை அங்கே சகஜம். இளம்பெண்ணுக்குச் செருப்பு, போன் ரீசார்ஜ், காலேஜ் ஃபீஸ் என்று செலவழிக்கும் வயதில் மூத்த ஆள். வயது கூடக்கூட அந்த ஆண்களிடம் தொற்று இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

2024-ல் லெனகாபவிர் என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஊசியின் சோதனை முடிவு வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. உடனே சிசிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “நல்லது, வருஷத்துக்கு இரண்டு பொய் சொன்னால் போதும்” என்று பதில் வந்தது.