வீட்டு ஸ்டூடியோ கேள்வி-பதில்: புளியரையில் மழைக்குப் பஞ்சமா?

கே: ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லை, போன் மட்டும்தான் இருக்கிறது. லோ-ஃபை பாட்டு பண்ண முடியுமா சார்? (செங்கோட்டை)

ப: முடியும். வேண்டுமென்றே பழைய கேசட் மாதிரிக் கரகரப்போடு செய்வதுதானே லோ-ஃபை! ஏரோபிளேன் மோடு போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடுங்கள். காசு சேர்ந்ததும் முதலில் நல்ல ஹெட்போன். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டிதானே இன்டர்ஃபேஸ், அதை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

கே: ரெக்கார்டிங்கில் ‘ங்ங்ங்’ என்று இரைச்சல் வருகிறது. ஏன்? (கொழிஞ்சாம்பாறை)

ப: என்ன மைக், எதில் சொருகியிருக்கிறீர்கள், ஒன்றுமே எழுதவில்லை. ஜாதகம் தராமல் பொருத்தம் பார்க்கச் சொன்னால் எப்படி? குத்துமதிப்பாகச் சொல்கிறேன். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் அதுவும் அதன் மடங்குகளான 100, 150-ம் ஒயர் வழியாகப் பாட்டில் ஏறிவிடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டு ஒரு டேக் எடுங்கள். நின்றுவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கவில்லையென்றால் கிதார் கேபிள் ஃபேன் ரெகுலேட்டர் பக்கமாகப் போகிறதா என்று பாருங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் காலை வெட்டிவிட்டுச் சொருகும் வேலை மட்டும் வேண்டாம். ஷாக் அடித்தால் ஆளே இருக்கமாட்டீர்கள்.

கே: மழைச் சத்தமும் இசைத்தட்டு கரகரப்பும் இலவசமாக எங்கே டவுன்லோட் செய்யலாம்? (புளியரை)

ப: புளியரையிலிருந்தா கேட்கிறீர்கள்? ஜன்னலைத் திறந்தால் சாரல் முகத்தில் அடிக்கிற ஊர். எந்த ஊரிலோ எவரோ பிடித்துவைத்த மழை உங்கள் பாட்டுக்கு எதற்கு? மாதம் நாலு பேராவது இதையே கேட்கிறார்கள். எனக்கு வரும் பத்துப் பாட்டில் ஏழில் ஒரே மழை பெய்கிறது, ஒரே இடத்தில் இடி இடிக்கிறது.

நீங்களே பிடியுங்கள். ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். முதல் தடவை தகரக் கூரைக்குக் கீழே மைக்கை வைத்து அரை மணி நேரம் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் வடைச்சட்டி! தகரத்தில் அடிக்கும் மழை மைக்குக்கு வெறும் இரைச்சல். மழை ஓய்ந்தபின் தாவாரத்திலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். கீழே பாதி நிரம்பிய அலுமினியக் குண்டானை வையுங்கள், ‘டொப்’ என்று தனித்தனியாக விழும். முற்றத்தில் வாழை நின்றால் இலையில் விழுவது இன்னொரு சத்தம். போனை ஜன்னலுக்கு உள்ளே, மடித்த துண்டின் மேல் வைத்துப் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். பிறகு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மலையிறங்கும் லாரி உறுமல் போய்விடும். பாட்டில் சேர்க்கும்போது, அதை மியூட் செய்தால்தான் இருந்ததே தெரியவேண்டும், அவ்வளவு மெதுவாக.

கரகரப்பு விஷயம். 1979-ல் போர்ட்டாஸ்டூடியோ என்ற கேசட் ரெக்கார்டர் வந்தபோதுதான் சாதாரண கேசட்டில் வீட்டிலேயே நாலு டிராக் பதிவது சாத்தியமானது. அதில் பாடியவர்கள் டேப் இரைச்சலை ஒழிக்கப் படாதபாடு பட்டார்கள். டால்பி சர்க்யூட் வந்ததே அதற்காகத்தான். அவர்கள் விரட்டியதை நீங்கள் தேடிப்பிடித்து ஒட்டுகிறீர்கள். ஒட்டுங்கள், ஆனால் பாட்டு அது இல்லாமலும் நிற்கிறதா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு ஒட்டுங்கள். உச்சத்தில் சத்தம் உடையாமலிருக்க, பதியும்போது லெவல் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று நான் எப்போதும் சொல்வது மழைக்கும் பொருந்தும்.

கே: மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன் இருக்கிறது. அதில் பதிந்தால் நிஜ லோ-ஃபை வருமா அண்ணே? (ஆரியங்காவு)

ப: வரும். முதலில் ஹெட்டை, அதாவது நாடா உரசும் உலோகத் துண்டை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடையுங்கள். ரப்பர் ரோலர் இறுகியிருந்தால் சுருதி ஆடும். அந்த ஆட்டத்தைத்தான் ப்ளக்-இன் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் சேர்க்கும் குட்டி புரோகிராம்) செய்பவர்கள் விலைக்கு விற்கிறார்கள், உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைப் போடவே போடாதீர்கள், ஹெட் முழுக்க அப்பிக்கொள்ளும்.

கே: பழைய சினிமாப் பாட்டை வேகம் குறைத்து, எக்கோ போட்டு என் பெயரில் வெளியிடலாமா? (களியக்காவிளை)

ப: கூடாது. அது கவர் இல்லை, அடுத்தவர் ரெக்கார்டிங். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 வருஷம் உரிமை உண்டு. எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம். நீங்களே பாடினாலும் அனுமதி வேண்டும். உங்கள் பக்கத்துத் தாலாட்டு, நடவுப் பாட்டு மெட்டுகளை எடுங்கள், அவை பொதுச் சொத்து. அதையும் கேசட்டிலிருந்து வெட்டாமல் பாட்டியைப் பாடச்சொல்லிப் பதியுங்கள்.

கே: சாரல் காலத்தில் மைக்கை அரிசி டப்பாவில் போட்டுவைக்கலாமா? (தென்மலை)

ப: தூசிதான் ஏறும். மூடி இறுக்கமான டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போதும்.

கே: உச்சத்தில் பாடும்போது குரல் உடைந்து பதிவாகிவிட்டது. எந்த ப்ளக்-இன் போட்டால் சரியாகும்? (கம்பம்)

ப: மறுபடி பாடுங்கள். மைனஸ் 12.