வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர், குறைந்த செலவில் புகைப்படம் எடுத்து மகிழ முடியுமா?

கேள்வியின் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் விவரம் மூன்றே வரிதான். பதினைந்தாயிரத்துக்கு மேல் செலவழிக்க முடியாது, வெளியே போக வழியில்லை, "வீட்டுக்குள் எடுக்க என்ன இருக்கிறது?" அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஏன் வெளியே போக முடியவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. என்னைப் போல வீட்டில் யாரையோ பார்த்துக்கொள்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

ஆத்தா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நான் காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில், பூர்வீக வீட்டில் இருக்கிறேன். சென்னையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு குழுவோடு காசிமேடு, பழவேற்காடு என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள். இங்கே வந்த பிறகு கடைத்தெருவுக்குப் போய் வரக்கூட பக்கத்து வீட்டு ஆச்சியை உட்கார வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் குழுவில் ஒருவர், "அப்போ போட்டோகிராபி அவ்வளவுதானா?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால் என் நல்ல படங்களில் முக்கால்வாசி அதற்குப் பிறகு எடுத்தவை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமையும் உண்டு, அதிலென்ன?

கருவி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய கேனன் 1200டி, அதோடு வந்த 18-55 லென்ஸ். 2014இல் வந்த மாடல், 18 மெகாபிக்சல். வீட்டுச் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போட அது தாராளம். பழைய கேமரா வாங்கும்போது லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கேமரா எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதையும் கேளுங்கள், சொல்லத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

அடுத்து, எல்லோரும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கச் சொல்வார்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். நல்ல லென்ஸ்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரி கேமராக்களில் சென்சார், அதாவது படம் பதிகிற சில்லு, சிறியது, அதனால் காட்சி குறுகி 50 என்பது 80 மாதிரி வேலை செய்யும். முகத்துக்குச் சரி, சின்ன அறைக்குள் ஒரு மேசையை முழுதாக எடுக்க முதுகு சுவரில் முட்டும். அதைவிட முக்கியம், வீட்டுக்குள் இருக்கிற பொருட்கள் எங்கேயும் ஓடிப்போவதில்லை. செம்பு அசையாது, கதவு அசையாது. அசையாத பொருளுக்கு எஃப் 1.8 எதற்கு? ஒரு ட்ரைபாட் வாங்குங்கள், ஆயிரத்து ஐந்நூறுக்கே ஓரளவு உருப்படியானது கிடைக்கும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டுகிற உணர்திறன்) 100, எஃப் 8, இரண்டு விநாடி டைமர். ஷட்டர் ஒரு விநாடி திறந்திருந்தாலும் மூன்று விநாடி திறந்திருந்தாலும் கவலையில்லை. லட்ச ரூபாய் லென்ஸ் கொடுக்கிற தெளிவைக் கிட்டத்தட்ட அந்தப் பழைய 18-55 லென்ஸே கொடுத்துவிடும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

"போனே போதுமே" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். போதும்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள், போன் தானாகவே நிழலை எல்லாம் வெளுக்க வைத்துவிடும். வீட்டுக்குள் எடுக்கும் படத்துக்கு அழகே அந்த நிழல்தான். திரையில் தொட்டு, வெளிச்சத்தைக் குறைக்கிற கோட்டைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.

இனி, வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன்.

வெயில் இருக்கிறது. எங்கள் வீட்டு வளவு, அதாவது உள்கட்டு, நடுவே வானம் பார்த்த திறந்த முற்றம் (நாங்கள் வாசல் என்போம்), சுற்றிலும் பத்தி என்கிற தாழ்வாரம், தூண்கள். இந்த வாசலில் வெயில் விழுவதை வருஷம் முழுக்க ஒரே இடத்திலிருந்து பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, ஊர் சுற்றுகிற ஆளுக்கு இது கிடைக்கவே கிடைக்காது என்று. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரி. அதனால் மார்கழியில் உச்சி வேளைச் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், வெயில் வடக்குப் பத்திக்குள் நன்றாக ஏறி வரும். சித்திரை பிறந்த முதல் வாரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். பகல் 12:15 வாக்கில் வாசலில் ஒரு செம்பை வைத்தால் நிழல் அதன் அடியிலேயே சுருண்டு கிடக்கும். அதன் பிறகு வைகாசி, ஆனி, ஆடியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், வருஷம் முழுக்க உச்சி வெயில் படாத தெற்குப் பத்தி ஓரத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் விழும். மறுபடி ஆவணி பத்து வாக்கில் நேர் மேலே. இது பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததுதான். ஆனால் அதே தூணை, அதே இடத்தில் ட்ரைபாடை வைத்து, மாதத்துக்கொரு தடவை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

"உனக்கென்ன, செட்டிநாட்டு வீடு, பர்மா தேக்குத் தூண், எங்கே திருப்பினாலும் படம்" என்று சொல்வீர்கள். சொல்லியும் இருக்கிறார்கள். நான் புழங்குவது முகப்பை ஒட்டிய ஒரு அறையும் வளவில் ஒரு மூலையும்தான். மற்ற அறைகள் மற்ற புள்ளிகளுக்கு (பங்காளிக் குடும்பங்களுக்கு) உரியவை, பூட்டிக் கிடக்கின்றன. அதோடு, அழகான வீடு படத்தைக் கெடுக்கவும் செய்யும். எங்கள் தரை ஆத்தங்குடிக் கல், சிவப்பு. வெயில் அதில் பட்டு எழும்பி, உட்கார்ந்திருக்கிறவர் தாடையைச் சிவப்பாக்கிவிடும். ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்தால்தான் முகம் முகமாக வரும். உங்கள் ஃபிளாட்டில் வெள்ளை டைல்ஸ் இருந்தால் அந்த விஷயத்தில் நீங்கள் என்னைவிட அதிர்ஷ்டசாலி. ஒரே ஒரு ஜன்னல், அல்லது பால்கனிக் கதவு, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. அவ்வளவு போதும். ஜன்னல் பக்கம் முகம், நிழல் பக்கம் அட்டை, அட்டையைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் இளகும், தள்ளி வைத்தால் இறுகும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இது கட்டாயம். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் முகம் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை.

ஆத்தாவை அப்படித்தான் எடுத்தேன். காலையில் எதிர்ச் சுவரில் வெயில் பளீரென்று விழும். அந்தக் காலத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, இன்னும் வழவழப்பாக இருக்கிறது. அதில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம், ஸ்டுடியோக்காரர்கள் பெட்டி பெட்டியாக வைத்து உண்டாக்குகிற வெளிச்சம்தான். ஆத்தா நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த பிறகு அவர்கள் தானாகக் கேட்டு வாங்கிச் செய்த முதல் வேலை அது. கையும் முகத்தில் ஒரு பக்கமும் மட்டும் வெளிச்சத்தில். படத்தைக் காட்டினேன்.

"என்னடா இது, மூஞ்சி பாதி இருட்டுல இருக்கு? லைட்டைப் போட்டு எடுக்க வேண்டியதுதானே?"

முகப்பில் மாட்டியிருக்கிற ஐயாவின் பழைய படத்தைக் காட்டினேன், மலேயாவில் ஏதோ ஸ்டுடியோவில் எடுத்தது. அதிலும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம், "அந்த வெங்காயப் படத்தைத் தேவகோட்டைக்கு அனுப்பு, சின்னாத்தா பாக்கட்டும்" என்றார்கள். நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பதில் ஆகப் பழைய புகைப்படம் 1826 அல்லது 1827இல் பிரான்ஸில் நியெப்ஸ் என்பவர் எடுத்தது. எதை எடுத்தார்? தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளை, பல மணி நேரம் வெளிச்சம் காட்டி. பிராகில் யோசெப் சுதெக் என்று ஒருவர், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது வெளியே கேமராவோடு திரிய முடியாத காலத்தில், 1940இல் தன் ஸ்டுடியோவின் ஜன்னலையே எடுக்க ஆரம்பித்து, போர் முடிந்த பிறகும் விடாமல் 1954 வரை எடுத்தார். கண்ணாடியில் படிந்த ஈரம், ஒரு டம்ளர், வெளியே ஒரு கோணல் மரம். இவர்களுக்குப் போதுமானதாக இருந்தது நமக்கு எப்படிப் போதாமல் போகும்?

இன்னொன்று கட்டாயம் செய்து பாருங்கள், செலவே இல்லை. வாசலைப் பார்த்த ஒரு அறையைப் பகலில் சாத்திவிட்டு, வெளிச்சம் வருகிற இடத்தையெல்லாம் கறுப்பு சார்ட் அட்டையால் அடைத்துவிட்டு, வெளியே வெயில் இருக்கிற பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் ஓட்டை மட்டும் விடுங்கள். எதிரே வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, பத்து நிமிஷம் கண் பழகும் வரை உட்காருங்கள். வெளியே இருப்பது எல்லாம் வேட்டியில் தலைகீழாகத் தெரியும், நிறத்தோடு. ஒளி நேர்க்கோட்டில் போவதால் மேலே உள்ளது கீழேயும் கீழே உள்ளது மேலேயும் போய் விழுகிறது. ட்ரைபாடில் கேமராவை வைத்து ஐஎஸ்ஓ 800, எஃப் 3.5, முப்பது விநாடியில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். எங்கள் வளவு முழுக்க, தூணும் ஓடும் வானமுமாக, அந்த இருட்டறையில் வந்து இறங்கியது. ஆத்தாவைச் சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுபோய்க் காட்டினேன். "சினிமாக் கொட்டகை மாதிரி இருக்கே" என்றார்கள்.

எங்கள் கூரை ஓட்டில் இருக்கிற ஓட்டைகளும் இதே வேலையைச் செய்கின்றன. தரையில் வட்ட வட்டமாக விழுகிற வெயில் பொட்டு, உண்மையில் சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தன்று காலை, லீவுக்கு வந்திருந்த நான் கண்ணால் பார்த்தேன், பொட்டு எல்லாம் பிறையாகத் தேய்ந்து வளையமாக மாறியது.

ஓட்டை என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மயிலும் குரங்கும் ஏறி ஓடுகளை நகர்த்துகின்றன, மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும் என்று பங்காளிகளிடம் எத்தனை தடவை சொல்வது? நாட்டு ஓடு வேயத் தெரிந்த ஆட்கள் இந்தப் பக்கம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறார்கள், தெரிந்தவர் இருக்கும்போதே செய்ய வேண்டாமா? வருஷத்துக்கு ஒரு தடவை படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் சடங்குக்கு) வந்து, வளவில் நின்று செல்ஃபி எடுத்து, "நம்ம வீடு" என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள், பங்குப் பணம் கேட்டால் போனை எடுப்பதில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு இப்படித்தான் ஒழுகி ஒழுகி, உத்தரம் இற்று, கடைசியில் நிலையும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போயின. நான் எடுக்கிற படங்களில் தேதி எழுதி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எந்தச் சுவரில் எப்போது ஈரம் இறங்கியது என்று காட்ட ஆதாரம் வேண்டும். போன ஐப்பசி மழையில் எடுத்ததைக் குடும்பக் குழுவில் போட்டேன், இரண்டு பேர் பணம் அனுப்பினார்கள். மற்றவர்கள் கும்பிடு போடுகிற பொம்மை அனுப்பினார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்தாயிரத்தில் பழைய கேமராவும் ட்ரைபாடும் வாங்கினால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதில் ஒரு மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள். ஐப்பசி கார்த்திகையில் லென்ஸை அதற்குள்தான் வைக்க வேண்டும், பீரோவில் துணிக்குள் சுற்றி வைத்தால் பூஞ்சை நிச்சயம். பேட்டரி ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லது, அவசரமில்லை.

உங்கள் வீட்டு ஜன்னல் எந்தத் திசை, எதிரே சுவரா வானமா, எந்த ஊர், இதை மட்டும் எழுதுங்கள். எந்த மாதம் எத்தனை மணிக்கு எங்கே நாற்காலியைப் போடலாம் என்று சொல்கிறேன். வடக்கு ஜன்னலாக இருந்தால் கேட்கவே வேண்டாம், காலையிலிருந்து சாயங்காலம் வரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வைகாசி, ஆனி, ஆடியில் மட்டும் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டிக்கொள்ளுங்கள்.