உளவியல் படித்துவிட்டுச் சமூகப்பணிக்கு வருபவர் எதை ஆய்வு செய்யலாம்?

கேள்வி: இளநிலையில் உளவியல் படித்தேன். இப்போது முதுநிலையில் சமூகப்பணி சேர்ந்திருக்கிறேன். ஆய்வுத் தலைப்பை விரைவில் கொடுக்க வேண்டும். 'இளைஞர்களின் தன்மதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு' என்று எழுதிக்கொண்டு போனேன். 'இது உளவியல் ஆய்வு. இதில் சமூகப்பணி எங்கே?' என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். படித்த உளவியலை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா? எப்படிப்பட்ட தலைப்பை எடுப்பது?

பதில்: ஓரமாக வைக்க வேண்டாம். உங்கள் நெறியாளர் கேட்டது சரியான கேள்விதான். ஆனால் அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லாமல் விட்டதால் நீங்கள் திகைத்து நிற்கிறீர்கள்.

தன்மதிப்பு குறைந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகமாகக் காணப்படும் என்பது பலமுறை காட்டப்பட்டுவிட்ட ஒன்று. நீங்களும் நூறு பேரிடம் வினாநிரலைக் கொடுத்து அதையே கண்டுபிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த முடிவைப் படித்துவிட்டு, நாளை முதல் தன் வேலையை வேறு விதமாகச் செய்யப் போகிறவர் யார்? விடுதிக் காப்பாளரா, பள்ளி ஆலோசகரா, உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலரா? ஒருவரையாவது சுட்டிக்காட்ட முடிந்தால் உங்கள் கையில் இருப்பது சமூகப்பணி ஆய்வு. ஒருவரையும் காட்ட முடியவில்லை என்றால், தலைப்பில் 'சமூகப்பணித் தலையீடு' என்ற சொல்லை ஒட்டவைப்பதால் ஒன்றும் மாறிவிடாது. அப்படி ஒட்டிய தலைப்புகளை நான் நிறையவே படித்திருக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்ற பரிந்துரையோடு அவை முடிந்துவிடும்.

உளவியல் வகுப்பு உங்களை ஒரு மனிதருக்கு உள்ளே பார்க்கப் பழக்கியிருக்கிறது. சமூகப்பணியோ அந்த மனிதரும் அவருடைய சூழலும் உரசிக்கொள்ளும் இடத்தைப் பார்க்கிறது. சமூகப்பணியின் முன்னோடியான அமெரிக்கர் மேரி ரிச்மண்ட் 1917-இல் சமூக நோயறிதல் (ஒருவருடைய சிக்கலை அவருடைய சூழலோடு சேர்த்துப் புரிந்துகொள்வது) பற்றி எழுதியபோது உறவினர், அண்டை வீட்டார், பள்ளி, மருத்துவர், வேலை கொடுத்தவர் என்று எத்தனை பேரிடம் விசாரிக்க வேண்டும் என்பதையே பக்கம் பக்கமாக விவரித்தார். நீங்களும் அதே மனச்சோர்வை எடுத்துக்கொள்ளலாம். கேள்வியைத்தான் இடம் மாற்ற வேண்டும்.

ஓர் ஆலோசனை மையத்தை நினைத்துப் பாருங்கள். முதல் சந்திப்புக்கு வந்த பலர் இரண்டாவது சந்திப்புக்கு வருவதில்லை. உளவியல் மாணவர் அவர்களுடைய ஊக்கத்தையும் அறிகுறிகளின் தீவிரத்தையும் அளக்கப் போவார். சமூகப்பணி மாணவர் கேட்கும் கேள்விகள் வேறு: சந்திப்பு நேரம் அவர்களுடைய வேலை நேரத்தோடு மோதியதா? வீட்டில் யாருக்குத் தெரியாமல் வந்தார்கள்? குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? முதல் நாளில் எத்தனை படிவங்களை நிரப்பச் சொன்னார்கள்? இப்போது உங்கள் உளவியல் படிப்பு கைகொடுக்கும். 'நேரமில்லை' என்று ஒருவர் சொல்லும்போது அதற்குள் வெட்கம் எவ்வளவு, நம்பிக்கையின்மை எவ்வளவு, உண்மையிலேயே நேரமின்மை எவ்வளவு என்று பிரித்துக் கேட்க உங்களுக்குத் தெரியும். 'வராமல் போனதற்கு வாடிக்கையாளர்கள் சொல்லும் காரணங்களும் ஆலோசகர்கள் ஊகிக்கும் காரணங்களும்' என்பது நல்ல ஆய்வு. முடிவைப் பார்த்து மையத்தின் பொறுப்பாளர் சந்திப்பு நேரத்தை மாற்றலாம், படிவத்தைச் சுருக்கலாம்.

இந்த இரண்டு பார்வைகளையும் சேர்த்துக் காட்டிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. ஆஸ்திரியாவின் மரியென்டால் என்ற சிற்றூரில் நெசவாலை மூடப்பட்டு, ஏறத்தாழ ஊர் முழுவதுமே வேலையிழந்தது. உளவியலாளர் மாரி யஹோடாவும் உடன் பணியாற்றியவர்களும் அங்கே தங்கி ஆராய்ந்து 1933-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலையின்மையின் மனத்துயரை வினாநிரலால் மட்டும் அவர்கள் தேடவில்லை. தெருவில் மக்கள் நடக்கும் வேகத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்தார்கள். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை மிச்சமிருந்தது. ஆண்களின் பொழுதுக்கு வடிவமே இல்லாமல் போயிருந்தது. நூலகத்தில் இரவல் கட்டணத்தை நீக்கிய பிறகும் மக்கள் எடுத்துச் சென்ற புத்தகங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. வெறும் பார்வையாளராக யாரும் அங்கே இருக்கக் கூடாது என்று தங்களுக்கே விதி வகுத்துக்கொண்டு, துணி வழங்குவது, மருத்துவ ஆலோசனை, பயிற்சி வகுப்பு என்று ஏதேனும் பயனுள்ள வேலையிலும் ஈடுபட்டார்கள். உளவியல் பயின்றவர் சமூகத்துக்குள் இறங்கினால் எதையெல்லாம் தரவாகப் பார்க்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் அறியேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். தலைப்புக்கு முன் ஆட்களை யோசியுங்கள். படிப்பு முடிவதற்குள் யாரை உங்களால் முறையாகச் சந்திக்க முடியும்? களப்பணி செய்யும் நிறுவனத்தில் வழக்குப் பதிவேடுகள், அதாவது உதவி நாடி வந்த ஒவ்வொருவரையும் பற்றிய குறிப்புகள், இருக்கும். முறையான அனுமதியோடு, அடையாளங்களை நீக்கிவிட்டு அவற்றைப் படித்தாலே அருமையான ஆய்வு கிடைக்கும். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. மாணவர்கள் ஏனோ இதைக் கடைசி வழியாகவே நினைக்கிறார்கள். சிறார், சிறையில் இருப்பவர்கள், வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள் போன்றோரை அணுகும் தலைப்பு என்றால், அறநெறிக் குழுவின் ஒப்புதல், பாதுகாவலர் ஒப்புதல், நிறுவனத்தின் ஒப்புதல் என்று மாதங்கள் ஓடும். அந்த மாதங்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்று முதலிலேயே கணக்குப் பாருங்கள்.

எண்ணிக்கையும் தலைப்பைத் தீர்மானிக்கும். வழக்கமாக ஏற்கப்படும் அளவுகளின்படி (80% கண்டறியும் திறன், 5% பிழை வாய்ப்பு), இரண்டு அளவுகளுக்கு இடையே 0.3 என்ற நடுத்தரத் தொடர்பைக் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) கண்டறிய சுமார் 85 பேர் தேவை. தொடர்பு 0.1 அளவுக்கே இருந்தால் சுமார் 780 பேர் வேண்டும். இரு குழுக்களுக்கு இடையே நடுத்தர வேறுபாட்டைப் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர். முப்பது பேரிடம் மூன்று அளவுகோல்களைக் கொடுத்துவிட்டு 'தொடர்பு இல்லை' என்று எழுதினால் அது முடிவாகாது. முப்பது பேர்தான் கிடைப்பார்கள் என்றால், அவர்களில் பன்னிரண்டு பேரிடம் ஆழமாகப் பேசுங்கள். நேர்காணல்களைக் கருப்பொருள் பகுப்பாய்வு செய்யுங்கள், அதாவது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைக் குறியிட்டுத் தொகுத்துப் பாருங்கள். எண்களில் பயின்ற உளவியல் மாணவர்களுக்கு இது தரம் குறைந்த வேலையாகத் தோன்றும். நேர்காணலை எழுத்தாக்கி, வரிவரியாகக் குறியிடத் தொடங்கியதும் அந்த எண்ணம் போய்விடும்.

ஏற்கெனவே பழகிய அளவுகோல்களைப் பயன்படுத்தும் ஆசை உங்களுக்கு இருக்கும். பயன்படுத்துங்கள், ஆனால் ஒவ்வொரு வினாவையும் படித்துவிட்டு. மனச்சோர்வுக்குப் பரவலாகப் பயன்படும், 2001-இல் வெளியான 'பிஹெச்க்யூ-9' வினாநிரலின் ஒன்பதாவது வினா, இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்று கேட்கிறது. ஒருவர் 'கிட்டத்தட்டத் தினமும்' என்று குறித்துத் தாளை உங்களிடம் நீட்டுகிறார். அன்று மாலைக்குள் என்ன செய்வீர்கள்? யாரிடம் அழைத்துச் செல்வீர்கள்? இரகசியம் காப்பதாகச் சொன்ன உறுதிக்கு எங்கே எல்லை என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருக்கிறீர்களா? தாள்களைக் கட்டி வைத்துவிட்டுப் பிறகு கூட்டிக் கணக்கிடலாம் என்பது இங்கே செல்லாது. இதற்கு விடை இல்லாத ஆய்வுத் திட்டத்தில் அந்த வினாநிரலுக்கு இடமில்லை.

குழந்தைப் பருவத் துன்பங்கள் என்ற தலைப்பையும் பலர் நாடுகிறார்கள். அத்தகைய துன்பங்களைப் பிற்கால உடல்நலத்தோடு இணைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1998-இல் வெளியான பிறகு, ஒருவர் எத்தனை வகைத் துன்பங்களைச் சந்தித்தார் என்று எண்ணி மதிப்பெண் தரும் பத்துக் கேள்விப் பட்டியல் எங்கும் பரவிவிட்டது. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே, அந்த மதிப்பெண் பெருந்திரளான மக்களைப் பற்றிப் பேசுவதற்கு உரியது, தனி நபரின் ஆபத்தை முடிவு செய்யப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-இல் எச்சரித்தார். காப்பகக் குழந்தைகளிடம் அந்தப் பட்டியலை நீட்டுவதை நான் ஒருபோதும் ஊக்குவிக்க மாட்டேன். அதே அக்கறையை வேறு பக்கம் திருப்பலாம்: குழந்தை வெளிப்படுத்திய ஒரு துன்பத்தைக் கேட்ட பணியாளர் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறார், என்ன செய்யத் தெரியாமல் தவிக்கிறார்?

சமூகப்பணியாளர்களின் பணிச்சோர்வும் நல்ல களம்தான், ஆட்களும் எளிதில் கிடைப்பார்கள். பணிச்சோர்வை அளக்கும் மாஸ்லாக் அளவுகோலை நினைத்திருந்தால், அது உரிமம் வாங்கிப் பயன்படுத்த வேண்டியது என்பதை மறந்துவிடாதீர்கள். சோர்வின் அளவோடு நிறுத்தாமல், ஒருவர் கையில் எத்தனை வழக்குகள், மேற்பார்வை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பவற்றையும் சேருங்கள். நிர்வாகத்தால் மாற்றக்கூடியவை அவைதான்.

சொந்த வாழ்வில் பட்ட வலியை ஆய்வுப் பொருளாக எடுக்கலாமா என்பதை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். எடுக்கலாம். ஆனால் நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர் எதிரான பதிலை ஒருவர் சொன்னால், இடைமறிக்காமல் கேட்டு எழுதிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாது என்று தோன்றினால் இந்த முறை வேறு தலைப்பு.

அடுத்த முறை நெறியாளரைப் பார்க்கும்போது தலைப்பை எடுத்துச் செல்ல வேண்டாம். ஒரு பக்கத்தில் நான்கு விஷயங்கள் போதும்: யாருடைய எந்தச் சிக்கல், அவர்களை எந்த வழியில் சந்திப்பீர்கள், என்ன கேட்பீர்கள், விடை கிடைத்தால் எந்தப் பொறுப்பில் இருப்பவர் எதை மாற்ற முடியும். அந்தப் பக்கம் உறுதியாக இருந்தால் தலைப்பின் சொற்களை அவரே சரிசெய்து தருவார். தம்முடைய திட்டத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும்படி அவர் சொன்னாலும் மறுக்க வேண்டியதில்லை. அவருக்கு ஏற்கெனவே அனுமதியும் நிறுவனத் தொடர்பும் இருக்கும். கேள்வியை மட்டும் உங்களுடையதாக்கிக்கொள்ள இடம் கேளுங்கள்.