ஊருக்குப் போகுமுன் தொட்டியில் குருணை மருந்து போடலாமா?

கேள்வி: மாடியில் 70 தொட்டிகள் வைத்திருக்கிறேன். வருடத்தில் மூன்று முறையாவது பத்துப் பதினைந்து நாள் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. இந்த முறை 12 நாள் கழித்து வந்து பார்த்தால் எலுமிச்சை மொட்டையாக நிற்கிறது. தக்காளிக் காய்களின் அடி கறுத்திருக்கிறது. போன பயணத்தில் கொண்டுவந்து நட்ட செம்பருத்தித் தண்டு முழுக்க மாவு அப்பியது போல வெள்ளை. பக்கத்து வீட்டார் தண்ணீர் ஊற்றினார்கள். கடையில் ஒரு குருணை மருந்தைப் பொட்டலம் கட்டித் தந்து, "தொட்டிக்கு ஒரு ஸ்பூன் போடுங்கள், மூன்று மாதம் எதுவும் அண்டாது" என்றார்கள். கூடவே கால்சியம் டானிக். இரண்டு ரோஜாத் தொட்டிகளில் குருணையைப் போட்டும் விட்டேன். மற்றவற்றுக்கும் போடலாமா? தேன்சிட்டு, பட்டாம்பூச்சி நிறைய வரும் தோட்டம் இது. எலுமிச்சைக்கு என்ன உரம் வைக்கலாம்?

பதில்: போடாதீர்கள். எலுமிச்சைக்கு இப்போது உரமும் வேண்டாம். இலை இல்லாத செடி அதிகம் தண்ணீர் குடிக்காது. உரம் வைத்து, பாவம் என்று தினமும் ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். புதுத் துளிர் விரல் நீளம் வந்ததும் இரண்டு கைப்பிடி மக்கிய தொழு உரம், தண்டை ஒட்டாமல் தொட்டியின் ஓரமாக வையுங்கள். வேர் நன்றாக இருந்தால் அது தழைத்துவிடும்.

மொட்டையடித்தது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. கொழுந்து இலையில் குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றொன்றாக இருக்கும். பொரிந்த புழு முதலில் பறவை எச்சம் போலவே தெரியும், அதனால்தான் கண்ணில் படாது. கடைசிப் பருவத்தில் பச்சையாகிவிடும், இலையைக் காலி செய்வது அப்போதுதான். தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும். கிளம்பும் நாளில் இருந்த முட்டை, நீங்கள் திரும்புவதற்குள் அந்தப் பருவத்துக்கு வந்துவிடும். கிளம்புவதற்கு முந்தைய மாலை கொழுந்துகளைத் திருப்பிப் பார்த்து முட்டையைத் துடைத்துவிட்டு, சின்னச் செடியானால் கொசுவலையால் மூடி அடியில் கட்டிவிட்டுப் போங்கள். ஆள் உயரச் செடிக்கு நாலைந்து புழுக்கள் ஒரு பொருட்டல்ல, விட்டுவிடலாம்.

தக்காளிக்கு வந்தது நோயல்ல. கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்குப் போகும். மண் இரண்டு நாள் காய்ந்து, மூன்றாம் நாள் தொட்டி நிறையத் தண்ணீர் கண்டால் அந்த ஓட்டம் அறுந்து, காயின் அடி கறுக்கும். டானிக்கை இலையில் அடித்தாலும் இலையிலிருந்து கால்சியம் காய்க்கு இறங்காது. அதை விற்றவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கறுத்த காய்களைப் பறித்துப் போடுங்கள். ஈரம் சீரானால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

இனி அந்தக் குருணை. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "நான் இல்லாதபோது இந்தத் தோட்டத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பது. பொறிவண்டு, சிலந்தி, குளவி, தேன்சிட்டு, ஓணான் எல்லாம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் போட நினைப்பது அவற்றைக் கொல்லும் மருந்து.

லேபிள் இல்லாமல் பிரித்துத் தரும் மருந்தை எந்தச் செடிக்கும் போடக்கூடாது. இப்படித் தருகிற கடையில் விதைகூட வாங்காதீர்கள். மூன்று மாதம் எதுவும் அண்டாது என்றால் அது வேர் வழியாக ஏறிச் செடி முழுக்கப் பரவும் வகை. இலையில், பூந்தேனில், மகரந்தத்தில், காயில் எல்லாம் இருக்கும். கழுவினால் போகாது. அந்தச் செடியின் சாற்றை உறிஞ்சிய அசுவினிப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் சாகக்கூடும். இந்த வகை மருந்துகளில் இமிடாக்ளோபிரிட் உள்ளிட்ட மூன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை செய்ததே தேனீக்களுக்காகத்தான். பழைய கார்போஃபியூரான் குருணையோ இன்னும் மோசம், தானியம் என்று கொத்தும் சின்னப் பறவையைக் கொல்ல ஒரு குருணை போதும். இமிடாக்ளோபிரிட், இலைச் சாற்றை உறிஞ்சும் செம்பேனைக் கொல்லாது. செம்பேனைத் தின்னும் உயிர்கள் செத்ததும் அது பெருகும், அதற்கு அடுத்த மருந்தை விற்கலாம்.

செம்பருத்தியின் வெள்ளையை இன்று ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சியானால் அசையாது, அசைந்தாலும் மெதுவாகத்தான். அதைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை மெழுகு இழைகளோடு விறுவிறுவென்று ஓடினால் அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது. பூச்சி என்று நினைத்து அதை நசுக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். கறுப்பு உடலில் ஆரஞ்சுத் திட்டுகளோடு குட்டி முதலை போலத் தெரிவது சாதாரணப் பொறிவண்டின் புழு. அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பாகி, முதுகில் வட்டத் துளையோடு இருந்தால் அசுவினிக்குள் முட்டையிடும் சின்னக் குளவி வேலை செய்துவிட்டது என்று அர்த்தம், மருந்தடிக்க வேண்டாம்.

ஓடும் புழு இல்லையென்றால் மோசமான நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். 5 மி.லி. வேப்பெண்ணெயில் 2 மி.லி. சோப்புக் கரைசலை முதலில் கலக்கி, பால் போலானதும் ஒரு லிட்டர் தண்ணீர் சேருங்கள். இரண்டு இலையில் அடித்து, இரண்டு நாள் பார்த்து, கருகவில்லை என்றால் வெயில் இறங்கிய பின் செடி முழுக்க அடியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று முறை. எறும்பைத் தடுக்காவிட்டால் இத்தனையும் வீண், ஏனென்றால் மாவுப்பூச்சியை இடம் மாற்றுவதும் பொறிவண்டை விரட்டுவதும் எறும்புதான். தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, அதன் கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

மாவுப்பூச்சி அந்தத் தண்டோடுதான் வந்திருக்கும். பயணத்தில் ஆசைப்பட்டுக் கொண்டுவரும் எந்தச் செடியையும் மூன்று வாரம் தனியே வையுங்கள். இலைக்காம்பு சேரும் இடத்தையும் தொட்டியின் வடிகால் துளையையும் பாருங்கள், வேரிலும் ஒளிந்திருக்கும்.

வருடத்தைப் பயணத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்வது கடினமல்ல. தக்காளி நாற்று நட்டு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காய் நிறையப் பிடித்திருக்கும், ஈரம் தவறக்கூடாத காலம் அது. அந்த வாரங்களில் ஊரில் இருக்கும்படி பின்னோக்கி எண்ணி விதையுங்கள். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே உரத்தையும் கவாத்தையும் நிறுத்துங்கள். நிறைய பேர் போகிற நேரத்தில் தெம்புக்கு என்று உரம் வைப்பார்கள். கொழுந்து குபுகுபுவென்று வரும், பூச்சி தேடி வருவதும் கொழுந்துக்குத்தான். வெண்டை, அவரை, வெள்ளரியைப் பக்கத்து வீட்டாரையே பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முற்ற விட்டால் செடி காய்ப்பைக் குறைத்துவிடும்.

பக்கத்து வீட்டாருக்கு ஒரு சிறு உதவி செய்யுங்கள். தினமும் வேண்டியதற்குச் சிவப்பு நாடா, ஒருநாள் விட்டு ஒருநாள் வேண்டியதற்கு மஞ்சள் நாடா கட்டி, அளவுக்கு ஒரே மக்கைக் கொடுங்கள். தொட்டிகளை நிழலில் நெருக்கி வைத்து, இரண்டு அங்குலம் சருகு மூடாக்குப் போடுங்கள். தேங்காய் நார்க்கழிவு கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்தால் தண்ணீரை எளிதில் ஏற்காது, ஊற்றியது ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும். நனைந்துவிட்டது என்று பார்ப்பவர் நினைப்பார். அப்படியான தொட்டியை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி எடுக்க வேண்டும். சொட்டுநீர் டைமர் வாங்கினால் பந்து வால்வு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மாடித் தண்ணீர் டேங்கின் குறைந்த அழுத்தத்தில், மின்காந்தத்தால் இயங்கும் பல சோலனாய்டு வால்வுகள் சரியாகத் திறந்து மூடாது. முதல் சொட்டானுக்கும் கடைசிச் சொட்டானுக்கும் அடியில் ஒரே அளவுக் குவளை வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

குருணை போட்ட இரண்டு ரோஜாவிலும் மேல்மண்ணைக் கையுறை போட்டுச் சுரண்டி, மீதிப் பொட்டலத்தோடு சேர்த்து இறுகக் கட்டி, உங்கள் ஊரில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையிலோ குப்பை உரக் குழியிலோ போடாதீர்கள். மண்ணில் இது மாதக்கணக்கில் இருக்கும். அதனால் அந்தச் செடிகளின் மொட்டுகளைப் பூக்கும் முன்பே கிள்ளிவிடுங்கள், தேனீயும் தேன்சிட்டும் இப்போதைக்கு அந்த இரண்டு தொட்டிகளுக்கு வரக்கூடாது.